குளிருக்கு முன்னேற்பாடு

ஜொகூர், இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் கிளை 2012இல் பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியது. அங்கு ஈராண்டு பயின்ற மாணவர்கள், எஞ்சிய ஈராண்டுப் படிப்புக்கு இங்கிலாந்து சென்றனர்.

இத்தகைய பயணத்திற்குப் பெற்றோர் முதலில் வாங்குவது தடித்த குளிராடை. ஆனால், குளிரைவிட இருளையும் தனிமையையும் தாங்குவதே கடினம் என்பது என் கருத்து. டிசம்பரில் அங்கு மாலை 4 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். அப்போது மலேசியாவில் நள்ளிரவு. வீட்டார் உறங்கும் அந்நேரத்தில் யாரிடம் பேசுவது?

ஆகவே, சமைக்கவும் துணி துவைக்கவும் புதியவரோடு உரையாடவும் மாணவர் இங்கேயே பழக வேண்டும். பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் நடப்பதும் சக மாணவரோடு சேர்ந்து உண்பதும் மனத்தைத் தேற்றும். குளிராடையை அங்குச் சென்றும் வாங்கலாம். இப்பழக்கங்களை இங்கிருந்தே கொண்டு செல்ல வேண்டும்.