சேற்றின்மேல் பொன்னிறம்

கோடை விடுமுறையில் சௌத்எண்டுக்குப் போனால் நம்மில் பலர் முகம் சுளிப்பது அந்தச் சேற்றைப் பார்த்துத்தான். கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. படகுகள் வந்து நிற்க ஆழம் வேண்டுமென்றுதான் பியரை 2 கிலோமீட்டருக்கு மேல் நீட்டிக் கட்டினார்கள். அடுத்த முறை, நீர் வற்றிச் சற்று நேரம் கழித்து உற்றுப் பாருங்கள். (கரையில் நின்றே பாருங்கள், நீர் திரும்பும் வேகம் ஏமாற்றிவிடும்.) சாம்பல்நிறச் சேற்றின்மேல் பொன்னும் பழுப்புமாக ஒரு பூச்சு தெரியும். அது டயட்டம் என்னும் நுண்பாசிக் கூட்டம்.

ஒவ்வொன்றும் ஒரே செல். கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்கிறது. உணவு தயாரிக்க ஒளி வேண்டும். சேற்றுக்குள் ஒளி இறங்குவதோ ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆகவே பகலில் கடல் வற்றியதும், ஓட்டிலுள்ள கீறல் வழியாகப் பசையைக் கசியவிட்டு மேலே ஊர்ந்து வருகின்றன. வெள்ளம் திரும்புமுன் இறங்கிவிடுகின்றன. நேரம் எப்படித் தெரியும்? அமெரிக்காவின் கேப் காட் சேற்றிலுள்ள ஹான்ட்சியா என்ற டயட்டத்தைப் பாமர், ரவுண்ட் என்ற இருவர் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். விளக்கு அணையவே இல்லை, கடல்நீர் ஏறி இறங்கவும் இல்லை. ஆனாலும் அது வெளியே கடல் வற்றும் வேளைக்கே மேலே வந்தது. வற்றும் நேரம் பிந்தப் பிந்த, அதுவும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தியது. 1967இல் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் உள்ளேயிருக்கும் அந்தக் கடிகாரத்துக்கு மேகம் விலகுவது தெரியாதே! இந்த நாட்டு வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திடீரென வெயில் அடித்தால், மிஞ்சிய ஒளி செல்லின் ஒளிபிடிக்கும் அமைப்பையே கெடுத்துவிடும். அப்போது ஒரு வழி, சற்றே கீழே இறங்குவது. மில்லிமீட்டரில் சிறு பங்கு இறங்கினாலே நிழல். மற்றது, இருந்த இடத்திலேயே நிறமியை மாற்றுவது. டயாடினோசாந்தின் என்ற நிறமி சில நிமிடங்களில் டயாட்டோசாந்தினாக மாறி, மிஞ்சிய சக்தியை வெப்பமாக வெளியேற்ற உதவுகிறது. ஒளி குறைந்தால் பழைய நிறமி திரும்பும்.

இறங்குவது எவ்வளவு முக்கியம் என்பதைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஊர்வதை நிறுத்தும் மருந்தைச் சேற்றில் இட்டுக் கடும் ஒளி காட்டியபோது, டயட்டங்களுக்குப் பாதிப்பு கூடியது. மணல் பகுதியில் வாழும் சில இனங்களுக்கோ மருந்தே தேவையில்லை. அவை மணித்துகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிகம் நகர முடியாது. அவற்றிடம்தான் அந்த நிறமி மாற்றம் மிக வலுவாக இருக்கிறது.