குடும்பத் தீம் பார்க்குகளில் பெரியவர்களுக்கான மாலை நிகழ்ச்சிகள்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

குடும்பங்களை நம்பி நடக்கும் தீம் பார்க்குகள், பகல் கூட்டம் வெளியேறிய பிறகு 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் தனிக் கட்டணத்தில் மாலை நிகழ்ச்சி நடத்தலாமா என்பது இந்த அறிக்கை எடுத்துக்கொள்ளும் கேள்வி. நடத்தலாம், ஆனால் மது இல்லாமல்தான் நடத்த வேண்டும் என்பது வாலிகண்டபுரம் வட்டாரப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த இந்த அமைப்பின் நிலைப்பாடு. இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட முடியாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெயர் சொல்லும்படியான தீம் பார்க் கிடையாது. பெரம்பலூருக்கு ரயிலும் இல்லை. ஆகவே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரம் போன்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் தீம் பார்க் பார்க்கப் போவது பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில்தான். நள்ளிரவில் கிளம்பி, விடிகாலையில் சென்னை எல்லையில் பல் தேய்த்து, வண்டலூரையும் மெரினாவையும் பார்த்துவிட்டு, பூங்காவில் அரை நாளைக் கழித்து, மறுபடி இரவுப் பயணமாகத் திரும்புவார்கள். ஓராண்டு முழுக்க உண்டியலில் சேர்த்த பணம் அந்த அரை நாளில் செலவாகிவிடும். வாலி பூசித்ததாகத் தலபுராணம் சொல்லும் வாலீஸ்வரர் கோயில் உள்ள ஊர் இது. 1995இல் நவோதயா அப்பச்சன் தாம்பரத்துக்கு அருகே தொடங்கிய பூங்காவுக்கும் வாலி ஆண்ட கிஷ்கிந்தாவின் பெயரையே வைத்தார். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு முதன்முதலாகக் காதில் விழுந்த தீம் பார்க் பெயரும் அதுதான்.

தமிழ்நாட்டுப் பூங்காக்களின் வரலாறு குடும்பத்தை மையமாகக் கொண்டே வளர்ந்தது. 1970களில் தொடங்கிய வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குப் போனவர்கள், அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பிள்ளைகள் பட்ட பாட்டை இன்றும் சொல்வார்கள். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், பூந்தமல்லி அருகே குயின்ஸ்லேண்ட், மதுரையில் அதிசயம் என்று அடுத்தடுத்து வந்த பூங்காக்களும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவும் குழந்தையோடு வரும் பெற்றோரை முன்வைத்தே விளம்பரம் செய்தவை. பெரியவர்களுக்கான மாலை என்று இங்கே நடைமுறையில் இருந்துவந்தது, டிசம்பர் 31 இரவில் கிழக்கு கடற்கரைச் சாலை நெடுக நடக்கும் புத்தாண்டுக் கொண்டாட்டம் ஒன்றுதான். அதற்கும் ஆண்டுதோறும் காவல்துறை கட்டுப்பாடு விதிக்கிறது. நீச்சல் குளங்களை மாலையிலேயே மூட வேண்டும், குளத்தின் மீதோ ஓரத்திலோ மேடை போடக் கூடாது என்பவை அதில் தவறாமல் இடம்பெறும். குடித்தவர்களும் தண்ணீரும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டறிந்து எழுதிய விதிகள் அவை.

வெளிநாட்டு அனுபவம் ஒரே திசையைக் காட்டவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடம், வியாழக்கிழமை மாலைகளைப் பெரியவர்களுக்கென்றே ஒதுக்குகிறது. பகலில் பள்ளிப் பிள்ளைகள் மொய்க்கும் கருவிகளை மாலையில் அவர்களின் பெற்றோர் வயதுக்காரர்கள் நிதானமாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் இதுபோன்ற இரவு நிகழ்ச்சிகள் உண்டு. யுனிவர்சல் நிறுவனம் 1991இல் புளோரிடாவில் தொடங்கி, 2011 முதல் சிங்கப்பூரிலும் நடத்தும் திகில் இரவுகள் சிறு குழந்தைகளுக்கானவை அல்ல என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்படுகின்றன. டிஸ்னியின் கதை வேறு. 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டில், தனி உறுப்பினர் மன்றம் ஒன்றைத் தவிர, பொதுமக்களுக்கு 2019 வரை மது விற்கப்படவில்லை. பாரிஸில் 1992இல் அதே கொள்கையோடு தொடங்கி, மறு ஆண்டே உணவகங்களில் ஒயினுக்கு இடம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு மதிய உணவோடு ஒயின் வழக்கமான ஒன்று. அந்த மண்ணுக்கு அது பொருந்தியது என்பதால் இங்கும் பொருந்திவிடாது.

பெரியவர்களுக்குத் தனி மாலை தேவை என்பதற்கான வலுவான காரணத்தைப் பகல்நேரப் பூங்காவிலேயே பார்க்கலாம். ஒரு குடும்பம் உள்ளே நுழைந்ததும் வேலைகள் பிரிந்துவிடுகின்றன. தந்தை வரிசையில் நிற்கிறார். தாயோ பை, செருப்பு, செல்போன், மாற்றுத்துணி அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு, உயரம் போதாததால் ரைடில் ஏற்றாமல் திருப்பி அனுப்பப்பட்ட சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொண்டு நிழல் தேடுகிறார். வேவ் பூலில் புடவையோடு இறங்க விடமாட்டார்கள். வாடகை நைலான் உடையை உடுத்திக்கொண்டு, நனைந்த உடம்போடு, யார் கையில் செல்போன் இருக்கிறதோ என்ற அச்சத்தில் நிற்க நம் பெண்களில் பலருக்கு மனம் வருவதில்லை. முழுக் கட்டணம் கட்டி உள்ளே வந்தும் கரையில் உட்கார்ந்தபடியே திரும்புகிறார்கள்.

சின்ன வெங்காயம் ஆயும், பருத்தி எடுக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து சுற்றுலா போவது இந்த இரு மாவட்டங்களில் இன்று சாதாரணம். அவர்கள் விளையாட விரும்புவதில்லை என்று யாராவது நினைத்தால் அது தவறு. இடம் கொடுத்தால் விளையாடுவார்கள். எனவே, பெரியவர்களுக்கான மாலை என்று ஒரு பூங்கா தொடங்கினால், முதலில் பெண்களுக்கு மட்டுமான மாலைகளைத் தொடங்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் கோரிக்கை. ஆண் ஊழியர்கள் இல்லாத நீர் விளையாட்டுப் பகுதி, கேமராவுக்குத் தடை, விரும்பிய உடையில் இறங்க அனுமதி ஆகியவை அதற்கு அடிப்படை. மகளிர் தினத்தை ஒட்டிப் பெண்களுக்கென்று நாள் ஒதுக்கும் பழக்கம் தென்னிந்தியப் பூங்காக்கள் சிலவற்றில் உண்டு. அதை ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றுவதில் பெரிய தடை எதுவும் இல்லை.

இரவுக் கேளிக்கையே பண்பாட்டைக் கெடுக்கும் என்ற கருத்தை இந்த அமைப்பு ஏற்கவில்லை. இந்த வட்டாரத்தின் திருவிழா இரவுகள் அதற்கு எதிரான சான்று. தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். பாயையும் சாக்கையும் விரித்துப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் கண்ணயர்ந்த பிறகு கட்டியக்காரனின் பேச்சில் கொச்சை கூடும், பெரியவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். கதவும் நுழைவுச் சீட்டும் இல்லாமலேயே நேரத்தை வைத்து வயதைப் பிரித்த ஏற்பாடு அது. மாறாக, பின்னாளில் வந்த ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் அந்தப் பிரிவினை குலைந்தது. ஆபாச நடனம், இரட்டை அர்த்தப் பாட்டு ஆகியவை எட்டு வயதுப் பிள்ளையின் கண்முன்னே நடந்தன. அனுமதி கேட்டு வரும் வழக்குகளில் உயர் நீதிமன்றம் ஆபாசம் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப நிபந்தனை போட வேண்டி வந்தது. ஒரே தியேட்டரில் பகலில் யு படமும் இரவில் ஏ படமும் ஓடுவதால் தியேட்டர் கெட்டுவிடுவதில்லை, வாசலில் வயதைப் பார்க்காமல் சீட்டுக் கிழிப்பதால்தான் கெடுகிறது. பூங்காவுக்கும் இது பொருந்தும்.

இனி மது. பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்த உடனே, குடிக்க விடுவார்களா என்பதே பலரின் முதல் கேள்வியாக இருக்கிறது. இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒருமுறை பதில் சொல்லிவிட்டது. 2023 மார்ச்சில், 1981ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளைத் திருத்தி, திருமண மண்டபம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் வழங்க அரசு வழிசெய்தது. ஏப்ரல் 24 அன்று அது பேசுபொருளானதும் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு உடனே பின்வாங்கி, பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகள், மாநாடுகள் என்ற அளவில் அதைச் சுருக்கியது. குடும்பம் கூடும் இடம் ஒன்றில் மதுவை நுழைய விடமாட்டோம் என்று மக்கள் சொன்னதாகவே இதைப் படிக்க வேண்டும். தீம் பார்க்கும் குடும்பம் கூடும் இடம்தான்.

மற்றொரு காரணம் சாலை. இந்தப் பூங்காக்கள் எல்லாம் கிழக்கு கடற்கரைச் சாலை, பெங்களூரு நெடுஞ்சாலை, ஊட்டி சாலை என்று வாகனத்தில்தான் போய்த் திரும்ப வேண்டிய இடங்களில் உள்ளன. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000க்கு மிகாத ஊர்களுக்கு அந்தத் தூரம் 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைந்தது. மீட்டர் கணக்கு மாறினாலும் தீர்ப்பின் நோக்கம் மாறவில்லை. குடித்தவன் ஓட்டும் வண்டி சாலையில் போகிற எல்லோருக்கும் ஆபத்து. நெடுஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாலையைக் கடக்கும்போது அடிபட்டவர்களின் பெயர் ஒவ்வொரு ஊரிலும் தெரியும்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வயதில் பூங்காவுக்குள் விட்டுவிட்டு, உள்ளே 21 வயதை யார் சரிபார்ப்பது? கையில் பட்டை கட்டி அடையாளம் வைப்போம் என்பார்கள். நெரிசலில் அந்தப் பட்டை பயன்படாது. குடித்தவர்களை ரைடில் ஏற்றக் கூடாது என்பது இந்தியப் பூங்காக்கள் தாமே வைத்திருக்கும் பாதுகாப்பு விதி. ஒரு கையால் மது விற்று மறுகையால் ரைடை மறுக்கும் நிலையில், பூங்கா ராட்டினம் உள்ள பாராக மாறிவிடும். வார நாட்களில் கூட்டம் இல்லை, பராமரிப்புச் செலவு குறைவதில்லை, வரி வேறு என்று உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில்தான் 18 சதவீதமானது. அந்தச் சுமையைக் குறைக்கக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, இந்த அமைப்பும் சேர்ந்து கேட்கும். மது விற்று ஈடுகட்டுவதை மட்டும் ஏற்க முடியாது.

இரவில் ரைடு ஓட்டுவதற்குப் பகலைவிடக் கூடுதல் ஏற்பாடு வேண்டும். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் புதிய ரைடு ஒன்றின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே 27 மாலை கிழக்கு கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில், குழந்தைகள் உள்பட 30க்கும் மேற்பட்டோர் ரைடு உயரத்தில் நின்றுபோனதால் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் வந்து இறக்குவதற்குள் இருட்டிவிட்டது. மாலை நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்கும் பூங்கா, பகல் முழுக்க ஓடிய ரைடை மாலைக்கு முன் மறுபடி சோதித்ததற்கான பதிவேடு, உயரத்திலிருந்து இறக்கும் சொந்த ஏற்பாடு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அவை இல்லாத பூங்கா இருட்டிய பின் ரைடு ஓட்ட வேண்டாம். இசை, உணவு, நடை என்று நிகழ்ச்சியை அமைத்துக்கொள்ளட்டும்.

பகல் நேரத்தைத் திருடி மாலையை நடத்தக் கூடாது. பூங்கா ஆறு மணிக்கு மூடும் என்று நம்பி 270 கிலோமீட்டர் தாண்டி வந்த பள்ளிப் பேருந்தை நான்கரை மணிக்கு வெளியேறச் சொல்வது அநியாயம். கடைசிப் பிள்ளை வெளியே போவதற்கும் முதல் பெரியவர் உள்ளே வருவதற்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். உடை மாற்றும் அறையில் பாதிப் பிள்ளைகள் இருக்கும்போது மாலைக் கூட்டத்தை உள்ளே விடக் கூடாது. மாலைக்கான அலங்காரம், திகில் பொம்மை, விளம்பரப் பலகை எதுவும் பகலில் கண்ணில் படக் கூடாது.

ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் வந்த துப்புரவுப் பெண்ணையும் லாக்கர் பெண்ணையும் மாலையிலும் நிறுத்திவைப்பது எளிது, அதனால்தான் அது நடக்கும். 24 மணி நேரமும் கடை திறக்க 2019இல் அனுமதி கொடுத்தபோதே, இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று தமிழக அரசு நிபந்தனை வைத்தது. அதோடு தனி ஷிப்டு, வீடுவரை வண்டி ஆகியவையும் சேர வேண்டும். திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியை எல்லையாக வைக்கின்றன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் தரும் தளர்வு திருவிழாக்களுக்கு உரியது. அதைத் தீம் பார்க்குகள் கேட்கக் கூடாது.

வாசலில் பார்க்க வேண்டியது வயதை மட்டுமே. ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து வந்தால்தான் அனுமதி என்ற புத்தாண்டுப் பார்ட்டி வழக்கமும், கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணையும் வேண்டாம். கணவரை இழந்தவர், தனியாக வாழ்பவர், திருநங்கை, அறுபது வயதுத் தோழிகள் என்று யாரும் வரலாம். ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், நகல் எடுத்து வைக்கத் தேவையில்லை.

பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மின்சார ராட்டினத்தை யாரும் எண்ணிப் பார்க்காத காலத்தில் எழுதப்பட்டது. மாலை நிகழ்ச்சிகளுக்கென மதுவிலக்கு, ரைடு பாதுகாப்பு, வயதுச் சோதனை, பணிநேரம் ஆகியவற்றை ஒன்றாகச் சொல்லும் தனி விதிகளை அரசு வெளியிட வேண்டும். அதுவரை மாவட்ட ஆட்சியர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக அனுமதி தரலாம், மொத்தமாக ஓராண்டுக்கு அனுமதி தரக் கூடாது. நாளை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நெடுஞ்சாலையோரம் இப்படியொரு பூங்கா வருமானால், மாலை நிகழ்ச்சிக்கான விண்ணப்பம் முதலில் அந்த ஊரின் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். மே தினத்திலோ காந்தி ஜெயந்தியிலோ கூடும் அந்தச் சபையில், வேலைக்குப் போகப்போகும் பெண்களும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் உட்கார்ந்து கேள்வி கேட்ட பிறகே ஆட்சியரின் கையெழுத்து விழ வேண்டும்.