திறப்பு விழா முடிஞ்ச பிறகு கிழவன் கிழவியை யாரு பாக்குறது?

முதியோர் நலத்திட்டம்னா நம்ம ஆட்களுக்குப் பந்தலும் மாலையும் போட்டோவும்தான் ஞாபகம் வருது. அஞ்சாவது வருஷம் அது என்ன ஆச்சுன்னு கேக்க நாதி இல்ல. திட்டம் கெட்டுப் போறதே அங்கதான்.

தென்னை வைக்கிறவனைக் கேளுங்க. கன்னு வாங்குற காசு பெரிசில்ல, முதல் மூணு கோடைக்கு யாரு தண்ணி ஊத்துறதுன்னு யோசிச்சுட்டுத்தான் குழி வெட்டுவான். முதுமை 60 வயசுல ஆரம்பிச்சு இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஓடுற சமாச்சாரம். அதுக்குப் போய் கீரைப்பாத்திக் கணக்குல திட்டம் போட்டா எப்படிங்க?

முதியோர் பென்ஷனையே எடுத்துக்குங்க. மத்திய அரசு தன் பங்கா 2007-ல 200 ரூபாய்னு வச்சுது. 79 வயசு வரைக்கும் இன்னைக்கும் அதே 200 தான். மாநில அரசு கைக்காசு போட்டு 2023-ல 1,200 ஆக்குச்சு. 2007-ல வாங்குன அரிசியை இன்னைக்கு அந்த விலைக்கு யாராவது தருவாங்களா? விலைவாசியோட சேர்ந்து ஏறாத தொகைக்குப் பேரு திட்டமா?

மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், இல்லைங்கல. 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. படுத்த படுக்கையா கிடக்குறவங்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. 2024-ல ஐ.நா. விருதும் கிடைச்சுது. ஆனா அதைத் தோள்ல சுமக்குறது யாரு? மகளிர் குழுவுல இருந்து வந்த பொண்ணுங்க. அவங்களுக்குக் கிடைக்கிறது சம்பளம் இல்ல, ஊக்கத்தொகை. நாளைக்கு மில் வேன் வந்து கூடக் கொஞ்சம் தர்றோம்னா அந்தப் பொண்ணு ஏறிப் போகும். அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அவ போனா மாத்திரை நிக்கும். பிரஷர் மாத்திரையைப் பாதியில விட்டா பக்கவாதம் வரைக்கும் கொண்டு போய் விடும். அப்புறம் படுத்தவரோட சேர்ந்து, அவரைப் பாத்துக்குற இன்னொருத்தர் கூலியும் போச்சு.

"பெத்த புள்ளைங்க பாத்துக்க மாட்டாங்களா?"ன்னு சில பெரிய மனுஷங்க கேக்குறாங்க. புள்ளைங்க திருப்பூர்லயும் சென்னையிலயும் வாடகை வீட்டுல கிடக்குதுங்க. நிலத்துல வருமானம் இருந்தா ஏன் போகப் போறாங்க? பெத்தவங்களைப் பராமரிக்கணும்னு 2007-லயே சட்டம் வந்தாச்சு. கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்தா பணம் வாங்கித் தருவாங்க. ராத்திரி கக்கூஸுக்குக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக சட்டத்துக்குக் கை இருக்கா?

நான் கேக்குறது மூணே விஷயம். வீடு வீடா வர்ற பொண்ணுங்களுக்கு நிரந்தரச் சம்பளம், வருஷா வருஷம் ஏத்தம். முதியோருக்குன்னு கட்டடமோ மெஷினோ வாங்கும்போதே அதோட பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கணும். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதும்போது சாலை, சாக்கடையோட நிக்காம, ஊர்ல 60 தாண்டினவங்க எத்தனை, தனியா இருக்குறவங்க எத்தனை, படுக்கையில எத்தனைன்னு கணக்கெடுத்து அதுக்கும் வழி எழுதணும்.

காசு இல்லைன்னு சொன்னா, பக்கவாதம் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில ஆகுற செலவையும் பக்கத்துல வச்சுக் கணக்குப் போடுங்க.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வராம, இதைத் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. உழவனுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது, ஆனா முட்டி தேயத்தான் செய்யும். எனக்கும் அம்பது தாண்டியாச்சு. நமக்குன்னு வரும்போது திட்டம் உசுரோட இருக்கணும்னா இப்பவே கேக்கணும்.