கீரை எங்கே போயிற்று?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து சில வாரங்கள் கழிந்ததும், வயிற்றுவலி என்று எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவிற்கு வரும் சிறுவர் சிறுமியரின் எண்ணிக்கை கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வலி வருவதில்லை. இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், மூன்றாம் வகுப்பில் பயிலும் தம் மகளை அவ்வாறே ஒருநாள் அழைத்து வந்தார். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வேறிடத்தில் முடித்துக் கோப்பாகக் கையில் வைத்திருந்தார். எதிலும் குறை இல்லை. "பொஸ்தகத்த எடுத்தாலே வலிக்குதுங்கறாளுங்க. ஞாபகசக்திக்கு ஒரு டானிக் எழுதிக் குடுத்தீங்கன்னா தேவலைங்க" என்றார்.

நாங்கள் டானிக் எழுதவில்லை. ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிச் சிறுமியிடம் கொடுத்தோம். "பாட்டி கொட்டகைக் கதவைத் தாழிட மறந்தார். விடிந்தபோது ஆட்டைக் காணவில்லை. தோட்டத்தில் கீரைப் பாத்தி வெறுமையாக இருந்தது." அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். 'கொட்டகை' என்னும் சொல்லைத் தாண்டுவதற்குள் கண்கள் கலங்கிவிட்டன. தாளை வாங்கி, அதே வரிகளை நாங்கள் படித்துக் காட்டி, "கீரை எங்க கண்ணு போச்சு?" என்று கேட்டோம். சட்டெனச் சிரித்தாள். "ஆடு தின்னுருச்சு! பாட்டிதான் கதவச் சாத்தல."

ஆடு கீரையைத் தின்றது என்று அம்மூன்று வரிகளில் எங்கும் இல்லை. அவளே உய்த்துணர்ந்தாள்.

அதே வாரத்தில் வந்த ஒரு சிறுவன், வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவன் என்று அவன் தாயார் பெருமையுடன் கூறினார். காய்ச்சலுக்காக வந்தவன், அது தணிந்திருந்ததால் அவனிடமும் அத்தாளைக் கொடுத்தோம். ஓரிடத்திலும் தடுக்காமல் ஒரே மூச்சில் வாசித்தான். கீரை எங்கே என்று கேட்டதற்கு மூன்றாம் வரியை அப்படியே ஒப்பித்தான். மறுபடி கேட்டபோது மூன்று வரிகளையும் ஒப்பித்தான். பிறகு, "இது எந்தப் பாடத்துல வருதுங்க சார்?" என்றான்.

இவ்விருவரில் உதவி வேண்டுவோர் இருவருமே. ஆனால் 'மந்தம்' என்னும் பெயர் அச்சிறுமிக்கு மட்டுமே கிடைத்திருந்தது. இதுதான் எங்களை எழுதத் தூண்டியது.

1986ஆம் ஆண்டில் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் வாசித்துப் பொருளுணரும் திறனை ஒரு பெருக்கற்கணக்காக விளக்கினர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. கேட்ட மொழியை விளங்கிக்கொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதே வாசித்துணர்தல். கூட்டல் என்றால் ஒன்றில் குறைந்ததை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்யும். பெருக்கலில் எது சுழியமானாலும் விடை சுழியமே. ஆகவே எழுத்து வராத பிள்ளைக்கும் பொருள் வராத பிள்ளைக்கும் ஒரே மருந்து கிடையாது. இருவரையும் இருபது முறை எழுதி வரச் சொல்வது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மாத்திரை தருவதை ஒக்கும்.

எழுத்தின் பக்கம் நம் மொழிக்குரிய இடர்கள் சில உண்டு. 247 எழுத்துகள் என்பதைக் காட்டிலும் பெரிய தொல்லை, 'கெ', 'கை' ஆகியவற்றில் உயிரின் குறி முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருவது. 'கொ' என்றால் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. அச்சிறுமி இடறியது அங்கேதான். கற்றல் குறைபாடு, அதிலும் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தையின் அறிவுத்திறனில் குறை இல்லை. ஒலியையும் வடிவத்தையும் இணைக்கும் பணி மட்டுமே அவர்களுக்கு மெதுவாக நடக்கிறது.

மொழியின் பக்கம் உள்ள இடர் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. வீட்டில் 'போனான்' என்று கேட்ட செவிக்குப் புத்தகத்தின் 'சென்றான்' புதிய சொல். சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் எத்தனையோ. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை 'புரிதல் இல்லாதவன்' என்று எங்களிடம் அனுப்பியிருந்தனர். அவன் தந்தை அதே ஆட்டுக் கதையை ஒடியாவில் சொன்னார். பையன் உடனே விடை சொன்னான். அவனுக்கு நோய் ஏதும் இல்லை, தமிழ் தெரியவில்லை, அவ்வளவே. மற்றொரு சிறுவன் லாரிகளின் முன்னும் பின்னும் எழுதியுள்ள அனைத்தையும் நான்கு வயதிலேயே படித்தான் என்று வீட்டார் வியந்தனர், ஆனால் "தண்ணி வேணுமா?" என்ற கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரிடம் இத்தகைய வாசிப்பைக் காணலாம். அதைக் கண்டு மகிழ்ந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் பலர்.

முதலில் செவியையும் கண்ணையும் சோதியுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நடுச்செவியில் நீர் கோத்துப் பாதி கேட்டும் பாதி கேளாமலும் அமர்ந்திருக்கும் பிள்ளை, கவனமற்ற பிள்ளையைப் போலவே தோன்றும். இரத்தசோகையும், சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் ஒருவகை வலிப்பும் அப்படியே. ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் எனப்படும் சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுக்கள் வருகின்றன. அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள்.

இனி எங்கள் கருத்து. எழுத்து வரும்வரை கதையை நிறுத்தி வைப்பது தவறு. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. வயதைப் பாராமல் நிலையைப் பார்ப்பது மருத்துவர்களாகிய எங்களுக்கு மிகவும் உடன்பாடான முறை. வகுப்பறையில் கதைக்களமும் வைத்திருக்கிறார்கள். ஆயினும் வீட்டிற்கு வரும்போது அரும்பு நிலைப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி மட்டுமே மிஞ்சுகிறது. 'முதலில் எழுத்துக் கூட்டட்டும், பொருள் பிறகு' என்கிறோம். அந்தப் 'பிறகு' வருவதற்குள் கேட்கும் ஆவல் தீர்ந்துபோகிறது. எழுத்துக்குத் தனி நேரமும் பொருளுக்குத் தனி நேரமும் வேண்டும். பொருளுக்கான நேரத்தில் பெரியவர் படிக்க, பிள்ளை கேட்கட்டும்.

நம் சமவெளிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மதிப்பெண்ணுக்காக வெளிமாவட்டத்தாரெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த விடுதிப் பள்ளிகளால் பெயர்பெற்றது நாமக்கல். பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017இல் கைவிட்டது; நம் மனத்தில் அப்பட்டியல் இன்னும் ஒட்டியே இருக்கிறது. ஒப்பித்தல் வாய்த்த பிள்ளையின் குறை, பாடம் பெருகும் மேல்வகுப்பில்தான் வெளிப்படும். அந்த முதல் மதிப்பெண் சிறுவனைப் பற்றியே நாங்கள் அதிகம் கவலைப்பட்டோம். அவன் தாயாருக்கு எங்கள் சொல் உவப்பாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

"எங்களுக்கே படிக்கத் தெரியாதுங்களே" என்று சொல்லும் பெற்றோருக்கு: படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இரவில் கால்மணி நேரம் பழைய கதை ஒன்றைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" என்று கேளுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். மறுநாள் பிள்ளை அக்கதையைப் பாட்டிக்குத் தன் சொல்லிலேயே சொல்லட்டும். முன்கூட்டி ஊகிப்பது, புரியாத சொல்லைக் கேட்டுத் தெளிவது, கேள்வி எழுப்புவது, சுருக்கிச் சொல்வது என்னும் நான்கையும் ஆசிரியரும் மாணவரும் முறைமாற்றிச் செய்யும் பயிற்சியைப் பாலின்சார், பிரவுன் என்போர் 1984இல் வகுத்துக் காட்டினர். திண்ணையில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டியே கிடைக்கும். உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களைப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அணுகலாம். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரின் உதவியும் பெற அச்சான்று பயன்படும்.

இளம்பிள்ளைச் சிறுமி இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் இரவில் தறி நின்றபின் தந்தை கதை சொல்கிறாராம். கதை தீர்ந்துபோனதால் புதிதாகக் கட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எங்களிடம் குறைபட்டுக்கொண்டார். வயிற்றுவலி பற்றி நாங்கள் கேட்ட பிறகே அவருக்கு நினைவு வந்தது.

உங்கள் பிள்ளையை அழைத்து வரும்போது மதிப்பெண் அட்டையுடன் பிள்ளையின் எழுத்து நோட்டையும் கொண்டு வாருங்கள். அடித்துத் திருத்தாத, அழுக்கான நோட்டாக இருந்தால் எங்களுக்கு இன்னும் நல்லது.