துடைத்த பிறகு யார் குடியேறுவது?

மருத்துவமனை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நெடிதான். கிருமிநாசினி வாடை மூக்கில் ஏறினால்தான், "பரவாயில்லை, சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று மனசு ஒப்புக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான்.

ஆனால், துடைத்த தரை வெகுநேரம் காலியாக இருப்பதில்லை. சில மணி நேரத்தில் கிருமிகள் திரும்பிவிடும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அவற்றில் உண்டு. 2019-இல் மட்டும் அத்தகைய பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத்தா கசெல்லி குழுவினர் வேறு வழியில் யோசித்தார்கள். தீங்கில்லாத பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகளைச் சோப்புத் திரவத்தில் கலந்து வார்டுகளைத் துடைக்க வைத்தார்கள்.

தீபாவளி வாரத்தில் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்தப் போயிருக்கிறீர்களா? முன்னே வந்தவர்கள் இடத்தைப் பிடித்திருப்பார்கள். நாம் சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டியதுதான். இந்த நல்ல நுண்ணுயிர்களும் அப்படித்தான் இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொள்கின்றன.

பல மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அங்கே சேர்ந்தபின் தொற்று கண்டவர்கள் நூற்றுக்கு 4.8 பேரிலிருந்து 2.3 ஆகக் குறைந்தார்கள்.

உடனே கைதட்டிவிட வேண்டாம். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத 18 வார்டுகளில் சாதாரண சோப்பு, கிருமிநாசினி, நுண்ணுயிர்த் திரவம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். தொற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, புது முறை வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது தோற்கவும் இல்லை. நெடி தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்ற நம் கணக்குதான் ஆட்டம் காண்கிறது.

இதைப் படித்துவிட்டு உறைமோரைக் கரைத்து வீட்டைத் துடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். நாம் செய்ய வேண்டியது வேறு. கிள்ளான் மருத்துவமனைக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனால், கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். தரை துடைக்கும் அக்காவுக்கு வழிவிடுங்கள். அவர் வேலையும் வைத்தியத்தில் சேர்த்திதான். வீட்டில் மீந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையை, "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமி வார்டில் மட்டும் வளர்வதில்லை. நம் வீட்டு மருந்து டப்பாவும் அதற்குத் துணை போகிறது.