700 டிகிரி பேடும் ஒரு பால்காரரும்

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது. ஆபீஸ்ல எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டுற ஆளு. ஞாயித்துக்கிழமை ஆனா காருக்கு அடியில போய்ப் படுத்துக்கிற வியாதி மட்டும் உண்டு. தப்பு இருந்தா விவரம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

போன மார்கழியில ஒரு நாள், காலையில அஞ்சரை மணி. ஊர்லேருந்து வர்ற அம்மாவைக் கூட்டிட்டு வர எழும்பூர் கிளம்பினேன். மெயின் ரோட்டுல ஏறி அரை கிலோமீட்டர்கூட போகலை, சந்துலேருந்து ஒரு பால்காரர் சைக்கிளோட வந்துட்டார். பிரேக்கை மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி மட்டும் பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. அவரோட பின்சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்னுச்சு. மனுஷன் ஒண்ணுமே சொல்லலை, திரும்பி ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் மச்சான் பேச்சைக் கேட்டு 'டிராக்' பேடு மாட்டியிருந்தேன். கம்பெனி பேடைப் போல மூணு மடங்கு விலை. 700 டிகிரி வரைக்கும் தாங்கும்னு பெட்டியில போட்டிருந்துச்சு. பெரிய நம்பரைப் பார்த்தா நமக்குத்தான் கை நிக்காதே :-)

பெட்டி பொய் சொல்லலை. நம்ம வண்டிக்கு அந்த 700 எதுக்குங்கறதுதான் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோட சேர்த்து 1,200 கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதை நிறுத்தினா சுமார் 300 கிலோ ஜூல் சக்தி சூடா மாறணும். அதுல 70 சதவீதம் முன்பக்கம் போகுது, முன் டிஸ்க் ரெண்டும் சேர்ந்து 10 கிலோன்னு வெச்சுக்கிட்டா, டிஸ்க் சூடு ஏறுறது 45 டிகிரி. 40 கிலோமீட்டர் வேகத்துல நிறுத்தினா அதுல கால்வாசி, வெறும் 11 டிகிரி. விடிகாலை முதல் மிதிக்கு டிஸ்க் கிட்டத்தட்ட தண்ணிப் பானை மாதிரி சில்லுன்னு இருக்கு. பந்தயப் பேடோ நல்லா சூடேறின பிறகுதான் கடிக்கவே ஆரம்பிக்கும். நம்மள மாதிரி ஆளுக்கு வேண்டியது அந்த முதல் மிதியிலயே கடிக்கிற பேடு. விலை, பேரு, டிகிரி எல்லாம் அப்புறம்.

"அப்போ மலை இறங்கினா?"ன்னு மச்சான் மடக்கினான். நியாயமான கேள்விதான். ஏற்காட்டுலேருந்து சேலத்துக்கு இறங்கினா 20 கொண்டை ஊசி வளைவு, உயரம் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் குறையுது. அந்தச் சக்தி முழுசையும் பிரேக்தான் தாங்கணும்னா, 80லேருந்து 45 தடவைக்கு மேல வண்டியை நிறுத்தின மாதிரி. சாதா பேடுக்கு அது ஜாஸ்திதான். ஆனா அதுக்குத் தீர்வு பேடுல இல்லைங்க. ஏறும்போது எந்த கியரோ அதே கியர்ல இறங்கறதுலதான் இருக்கு. இன்னொண்ணு பிரேக் ஆயில். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரத்தைக் குடிச்சுப் பழசாயிட்டா 140லயே கொதிச்சுடலாம். டாட் 4க்கு அது 230, 155. கொதிச்சுட்டா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். எனக்கு ஆனது அது இல்லை, பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலை. கெட்டிப் பெடல்னா பூஸ்டர் கோளாறாவும் இருக்கலாம்னு எங்க மெக்கானிக் அண்ணன் முதல்ல அதைத்தான் பார்த்தார். அது நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பேடைக் கழட்டிக் கையில வெச்சு, "தம்பி, நீங்க எந்த ரேஸுக்குப் போறீங்க?"ன்னார்.

சரி, என்னதான் பார்த்து வாங்கறது? நிறைய பேடுகளோட ஓரத்துல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதா சூட்டுல எவ்ளோ பிடிக்கும்னு, ரெண்டாவது நல்லா சூடானப்புறம் எவ்ளோன்னு. 'இ'ன்னா உராய்வு 0.25லேருந்து 0.35, 'எஃப்'னா 0.35லேருந்து 0.45. 'எஃப்.எஃப்' பேடு வீட்டு வண்டிக்கு தாராளம். ஆனா அந்த 'சாதா சூடு' சோதனையே 90 டிகிரிக்கு மேலதான் நடக்குது, அதனால மார்கழிக் காலைக்கு அந்த எழுத்து சாட்சி சொல்லாது. ஐரோப்பாவோட 'ஆர்90' முத்திரை இருந்தா இன்னும் நிம்மதி. ஒரிஜினல் பேடோட செயல்பாட்டுலேருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாதுங்கறது அந்த விதி. இது எதுவும் புரியலைன்னா வண்டியோட வந்த அதே பேடை நம்பிக்கையான கடையில வாங்குங்க. பாதி விலைக்கு அதே பெட்டி கிடைச்சா ஓடி வந்துடுங்க.

செராமிக் பேடு சத்தம் போடாது, வீல்ல கரி அப்பாது. தினம் வீல் துடைக்கிற ஆளா இருந்தா போடுங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

புதுப் பேடு மாட்டினா காலியான ரோட்டுல 60லேருந்து 20க்கு நிதானமா ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை குறைச்சு, நடுவுல ஆறவிட்டு ஓட்டுங்க. அதுக்கப்புறம்தான் டிஸ்க்கும் பேடும் ஒட்டி உட்காரும். மெக்கானிக் ஷெட்லேருந்து நேரா டிராஃபிக்ல விடறதுதான் நம்ம ஊர் வழக்கம், நானும் அதைத்தான் செஞ்சேன்.

இப்போ பழையபடி கம்பெனி பேடுதான் ஓடுது. 700 டிகிரி சமாச்சாரம் பரண்மேல கிடக்கு. மச்சான் அதைச் சும்மா கேட்டுக்கிட்டிருக்கான். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டறதா இருந்தா தரேன், ஆபீஸ் போக வர ஓட்டற வண்டிக்குத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரமா பேச்சே இல்லை.