அண்ணனுக்கு ஸ்பான்சர்! 19 வருஷம் கியூ!

"எப்போ புறப்பாடு?"

சிதறால் மலைக்கோவில் அடிவாரத்திலும் சரி, மார்த்தாண்டம் பஸ்சிலும் சரி, அமெரிக்காவில் உடன்பிறப்பு உள்ளவரைக் கண்டால் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தங்கச்சி நர்சாகப் போனாள். சிட்டிசன் ஆனாள். "அண்ணே, பேப்பர் போட்டாச்சு" என்று போன் பண்ணினாள். அவ்வளவுதான்! அன்றைக்கே வீட்டில் பாதிப் பெட்டி கட்டியாச்சு.

பெட்டி ரெடி. விமானம் எப்போ?

வளைகுடாவில் இந்தத் தொல்லை இல்லை. வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பது குமரி மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அமெரிக்கா வேறு. அங்கே 1965-ல் சட்டத்தை மாற்றி, உறவினரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வழி விட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் கதவு குறுகல்!

அண்ணன், தம்பி, அக்காள், தங்கை வகைக்கு வருஷத்துக்கு சுமார் 65 ஆயிரம் விசா. இது இந்தியாவுக்கு மட்டும் அல்ல, உலகம் பூராவுக்கும்! அவர்களின் மனைவி, மக்களும் இதில்தான் அடக்கம். போதாததற்கு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு வேறு. விளைவு? 2025-ம் வருஷம் இந்தியர்களுக்கு முறை வந்தது, 2006-ல் போட்ட மனுக்களுக்கு!

மகள் அவுட்!

2006-ல் அண்ணன் மகளுக்கு 6 வயசு என்று வைத்துக்கொள்வோம். முறை வரும்போது 25. வயசு 21 ஆகிவிட்டால் "பிள்ளை" இல்லை என்கிறது சட்டம். மனு பாஸ் ஆகாமல் ஆபீசில் கிடந்த காலத்தை வயசில் கழிக்க ஒரு சலுகை உண்டு. அதில் தப்பினால் உண்டு. பாஸ் ஆன பிறகு கியூவில் நின்ற வருஷங்கள் கழியாது.

இதைவிடக் கூத்து கல்யாணப் பேச்சில். "பையனுக்கு மாமி பேப்பர் போட்டிருக்கிறாள்" என்று சொல்லி சம்பந்தம் பேசுகிறவர்கள் உண்டு. தாலி கட்டிய நிமிஷமே பையன் அப்பாவின் பேப்பரிலிருந்து கழன்றுவிடுகிறான். பிள்ளை கல்யாணம் ஆகாதவனாக இருந்தால்தான் கூடப் போக முடியும்! பெண் வீட்டாருக்கு இதை யார் சொல்வது?

இந்த அறியாமையில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். "லட்சம் வையுங்கள், கியூவை முந்தலாம்" என்பான். சுத்தப் புளுகு! மனுவுக்கு 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் தாளில் போட்டால் 675 டாலர், ஆன்லைனில் 625. அதைக் கட்ட வேண்டியது அங்கே இருக்கும் தங்கச்சி. கூடுதல் பணம் கட்டி முந்துகிற வரிசையே இந்த வகைக்குக் கிடையாது. எந்தத் தேதி மனு வரை முறை வந்தது என்பதை மாதாமாதம் அமெரிக்க அரசே வெளியிடுகிறது. காலணா செலவில்லை. பணம் கேட்கிறவனிடம் மனு தேதியைக் கேளுங்கள். முழித்தால் நேரே போலீசுக்குப் போங்கள்.

புரோக்கரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஸ்பான்சர் செய்கிறவர்களும் வாயைத் திறக்க வேண்டும். பேப்பர் போட்டாச்சு என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, "இருபது வருஷம் ஆகலாம் அண்ணே, ரப்பர் தோட்டத்தை வித்துராதே, பிள்ளை படிப்பை நிறுத்தாதே" என்று சொல்ல என்ன தயக்கம்? மனசு கஷ்டப்படும் என்றா? இருபது வருஷம் கழித்து மட்டும் கஷ்டப்படாதா?

அம்மாவுக்கு கியூ இல்லை!

21 வயசு தாண்டிய சிட்டிசன் பிள்ளை தாய், தகப்பனை அழைத்தால் எண்ணிக்கை வரம்பு கிடையாது. பரிசீலனைக்கு ஆகும் காலம்தான். அம்மா முதலில் போய்விடுவாள். போனவள் ஊர் ஞாபகம் வந்து இங்கேயே தங்கவும் முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

இத்தனை காலம் அம்மாவைக் கவனித்துக்கொண்டவன் அண்ணன். அவனோ திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலோடு திரும்ப வேண்டியவன். முதல் போனிலேயே தங்கச்சி இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?